வாண்டின் பிறந்தநாளுக்குக் கயிறு வேண்டுமா

அன்புள்ள பெரியவளுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, வெல்டிங் பொறியில் தீக்காயம் எதுவும் படாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவின் கையில் தையல் பிரித்தாயிற்று, சீழ் இல்லை, இல்லாத விரல்கள்தான் வலிக்கின்றன என்கிறார். இத்தனை நாள் நடந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்ததால்தான் புண் சீக்கிரம் ஆறியது என்று டாக்டர் சொன்னதும் அவருக்கு ஒரே பெருமை, பார்க்கிறவர்களிடமெல்லாம் கையைக் காட்டாமல் வயிற்றைத் தட்டிக் காட்டுகிறார். உன் தங்கை வாண்டுக்குப் பல் விழுந்த இடத்தில் புதுப்பல் கோணலாக முளைக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ போனில் பேசி அனுப்பியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், அப்பாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. வாண்டின் பிறந்தநாளுக்கு லீவு எடுத்து வருகிறாய், அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அதோடு சேர்த்து, "கயிறு இழுக்கிறது கண்டிப்பா இருக்கணும் சித்தி, எதிர்ப்பக்கம் பெரியப்பாவை நிறுத்து, அப்பாவுக்கு ஒரு கை போயிருக்கு, அவருக்கு மட்டும் ரெண்டும் முழுசா இருக்கணுமா, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்கிறாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் வாய்ச்சவடால் என்று விட்டிருப்பேன். நீ சொன்னால் செய்கிறவள். கப்பல் பட்டறையில் உன் இடுப்பில் கை வைத்த மேஸ்திரியின் மூக்கு இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதற்காக நான் உன்னை ஒரு வார்த்தை கண்டிக்கவும் இல்லை. இது அப்படி இல்லை. போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், பதிலுக்கு நானும் கத்துவேன், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் பல்லைக் கடி.

முதலில் விழாவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் இப்போது வேறு பேச்சே இல்லை. தொப்பி மாட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து கை தட்டுவதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்காம், இவளுக்குப் பத்து முடிகிறதாம், "வர்றவங்க எல்லாரும் வேர்க்கணும், வேர்க்காதவங்களுக்குக் கேக் கிடையாது" என்று சட்டம் போட்டிருக்கிறாள். அப்பாவும் பெரியப்பாவும் வண்டி நிறுத்துகிற யார்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில்தான் எல்லாம். பழைய டயர்களை வரிசையாகப் படுக்க வைத்து அதற்குள் கால் வைத்து ஓட வேண்டும், அதை முடித்தால் சாக்குக்குள் நின்று தாவ வேண்டும், அப்புறம் தண்டால், கடைசியில் கவிழ்ந்த கார்களைத் தூக்குகிற ரெக்கவரி வண்டியின் கிரேன் கம்பியில் யார் அதிக நேரம் தொங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கீழே போட மெத்தை வேண்டும் என்று நான் சொன்னேன், நசுங்கிய கார்களிலிருந்து கழற்றிய சீட்டுகளைப் பரப்பலாம் என்று அவளே கண்டுபிடித்தாள், ரத்தக்கறை இருக்கிறதை மட்டும் தனியாகப் பிரித்து வைக்கச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் சுளிக்கவில்லை, நான்தான் சுளித்தேன். உன் பெரியம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இது பிறந்தநாளா, போலீசுக்கு ஆள் எடுக்கிறதா? வாசல்ல நிறுத்தி வர்ற புள்ளைங்களுக்கு மார்பளவும் எடுத்துடு" என்றார். என்னிடம் அவர் சிரித்துப் பேசியது அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அன்றுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வாண்டைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அப்பாவின் கை போனதற்கு அப்புறம் பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, "உங்கப்பா விரலை நாய் தின்னுடுச்சாமே" என்று கேட்டிருக்கிறாள். இவள் அந்தப் பெண்ணின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நெற்றியைச் சுவரில் மோதியிருக்கிறாள், ஒரு தடவை இல்லை, டீச்சர் ஓடி வந்து பிரிக்கும் வரைக்கும். அந்தப் பிள்ளைக்குப் புருவத்தில் தையல். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, வீட்டில் யார் யாரை அடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஏன் அப்படிச் செய்தாய் என்று வாண்டிடம் கேட்டதற்கு, "நீ பெரியப்பாவை அடிச்ச மாதிரிதான் அடிச்சேன்" என்றாள். திமிராகச் சொல்லவில்லை. கணக்கு எப்படிப் போட்டாய் என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். அந்தப் பிள்ளையையும் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அவர்கள் வீட்டு வாசலில் நின்று நானே கேட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி அப்பாவின் கை போன அந்த ஐம்பதாவது பிறந்தநாள். பெரியப்பா வேண்டுமென்றே இழுத்தார், அப்பா கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டே இழுத்தார் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிரித்தது உண்மை. நான் கோட்டுக்குப் பக்கத்தில் விசிலோடு நின்றேன், கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த அண்ணன் தம்பி எப்படிப்பட்டவர்கள் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும். சாப்பிடுகிற மேசையில் கை மடக்குகிறேன் என்று மேசையையே உடைத்தவர்கள். தோற்கப்போகிற நேரத்தில் உன் அப்பா "ஐயோ கை போச்சுண்ணே, விடு" என்று அலறுவார், அண்ணன் பதறிப்போய்ப் பிடியைத் தளர்த்துவார், இவர் உடனே அந்தக் கையை மேசையில் அறைவார். எத்தனை வருஷமாக நடக்கிற திருட்டுத்தனம் இது. நீயும் அதைக் கற்றுக்கொண்டு என்னிடமே ஜெயித்திருக்கிறாய், நான் ஒவ்வொரு தடவையும் ஏமாந்திருக்கிறேன். அந்த அலறலை யாராவது நம்பினால்தான் இந்த வீட்டில் கேலி.

அன்று டயர் புரட்டும் போட்டி முடிந்த கையோடு கயிற்றைப் பிடித்தார்கள், எல்லோருக்கும் உள்ளங்கை வழுக்கியது. வண்டி இழுக்கிற நைலான் கயிறு. இரண்டு பக்கமும் முன்னால் நின்றது அவர்கள் இருவர்தான், மூக்குக்கு மூக்கு. அப்பாவின் பக்கம் கோட்டை நோக்கி இழுபட்டுப் போக ஆரம்பித்ததும், அவர் என்ன செய்தார் தெரியுமா, கயிற்றை வலது உள்ளங்கையில் சுற்றிக்கொண்டார். யார்டில் அப்படிச் சுற்றியதற்காக ஒரு டிரைவரைப் பளாரென்று அறைந்து, "உனக்குக் கை வேண்டாம்னா சொல்லு, நானே வெட்டித் தர்றேன்" என்று கத்தினவர் அவர். ஐம்பது வயதில் அண்ணனிடம் தோற்கக் கூடாது என்ற வெறியில் அதையே செய்தார். எதிர்ப்பக்கம் ஒரே மூச்சில் இழுத்தது. அப்பா, "கை போச்சுண்ணே, விடு" என்று கத்தினார். பெரியப்பா, "இந்தப் பருப்பெல்லாம் எங்கிட்ட வேகாதுடா" என்று சிரித்துவிட்டு, பின்னால் இருந்தவர்களைப் பார்த்து, "இழுங்கடா, நடிக்கிறான்" என்றார். நான் விசில் ஊதினேன், சிரிப்புச் சத்தத்தில் அது எடுபடவில்லை. அப்பா முழங்காலில் விழுந்து, மண்ணில் இழுபட்டு, இடது கையால் தரையை அறைந்துகொண்டே போனார். ஈரத்துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கயிறு போய்விட்டது, எதிர்ப்பக்கத்து ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் மல்லாந்து விழுந்து ஜெயித்துவிட்டோம் என்று கூச்சல் போட்டார்கள். பெரியப்பாதான் முதலில் எழுந்து உட்கார்ந்தார், கயிற்றோடு தன் மடிக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்தார்.

அதற்கப்புறம் நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், சொல்லியிருந்தால் நீ அதைப் பற்றியும் ஏதாவது பேசியிருப்பாய். பரிசாகக் கொடுக்க வாங்கிய ஸ்டீல் தண்ணீர் பாட்டில்கள் மேசையில் இருந்தன, நிரம்பியிருந்தன. ஒன்றை எடுத்துப் போய் பெரியப்பாவின் வாயில் அடித்தேன். முன்பல் இரண்டு போய்விட்டன, உதடு பிளந்தது. மறுபடியும் அடித்தேன், புருவத்தில் பட்டது. மறுபடியும். உன் பெரியம்மா என் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், முழங்கையால் அவர் நெஞ்சில் இடித்துத் தள்ளிவிட்டு மறுபடியும் அடித்தேன். உன் பெரியப்பா என்னைவிட இரண்டு மடங்கு ஆள், ஒரு கையால் என்னைத் தூக்கி எறிந்திருக்கலாம். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டார். நான் படித்த புத்தகங்களில் ஒருவர் இன்னொருவரை அடிப்பதற்கு முன்னால் மனசுக்குள் எவ்வளவோ ஓடும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாட்டில் நசுங்கிவிட்டதே, வேறு எடுக்க வேண்டுமே என்று மட்டும் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாண்டு கழுத்தில் ஸ்கிப்பிங் கயிற்றைப் போட்டுக்கொண்டு நின்றாள், அழவில்லை. தர்பூசணி வைத்திருந்த ஐஸ் பெட்டியில் விரல்களைப் பையில் போட்டு வைத்ததும் நான்தான், வாயில் ரத்தம் ஒழுக ஒழுக ரெக்கவரி வண்டியை ஆஸ்பத்திரிக்கு ஓட்டியது உன் பெரியப்பாதான். எலும்பு நசுங்கிவிட்டது, ஒட்டவைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் உன் அப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்து, "உன் பல்லை எவன் உடைச்சான்?" என்று கேட்டார். நான் என்று தெரிந்ததும், கையில் குத்தியிருந்த ஊசி கழன்று வரும் அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ நாள் நான் உன் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன், அடித்தது போதாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இப்போது எந்த இடத்தில் இருக்கிறாயோ அங்கேதான் நானும் இருந்தேன் பெரியவளே.

பல் டாக்டரின் பின்னறையில் நான் பல்செட் செய்கிறேன் என்பது உன் பெரியப்பாவுக்குத் தெரியும், வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். எங்களிடமே வந்தார். டாக்டர் அளவெடுக்கும்போது அச்சு மாவு வைத்த தட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், நான் உடைத்த வாய்க்குள் என் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாவு இறுகும் வரைக்கும் அவரால் பேச முடியாது, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது, மாவு தொண்டையில் பட்டால் எல்லோருக்கும் அப்படித்தான் வழியும். வாய் கொப்பளித்துவிட்டு, டாக்டர் வெளியே போனதும், அவராகவே பேசினார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "வேலையில நாங்க வாயால சொல்றதே கிடையாதும்மா. அந்த இன்ஜின் சத்தத்துல எவன் பேச்சு யாருக்குக் கேக்கும்? அவன் கீழ இருந்து தகரத்துல ரெண்டு தட்டு தட்டுவான், நான் கம்பி இழுக்கிற வின்ச்சை நிறுத்திடுவேன். அவன் தட்டி நான் நிறுத்தாம இருந்ததே இல்ல. அன்னிக்கும் தட்டினான். நான் பாத்தேன். ரெண்டு, ரெண்டுன்னு தட்டினான். மண்ணுல தட்டினா எங்க சத்தம் வரும்? இந்தக் காதுக்குத்தாம்மா பழக்கம், கண்ணுக்கு இல்ல. அவன் வாய் பொய் சொல்லும், எனக்குத் தெரியும். அவன் கை பொய் சொன்னதே இல்ல." இவ்வளவும் சொல்லிவிட்டு, பல் எப்போது தயாராகும் என்று கேட்டார்.

நானும் பார்த்தேன், நீ இதை நன்றாகப் படி, நானும்தான் பார்த்தேன். இடது கை தரையை அறைவதைப் பார்த்து வலியில் துடிக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, அது அந்தத் தட்டுதானா என்று அப்பாவிடம் கேட்டேன். "வேற எப்படிச் சொல்லுவேன், எனக்குத் தெரிஞ்சது அதுதானே" என்றார். இப்போது அவர் மறுபடியும் வேலைக்குப் போகிறார், இடது கையால் கொக்கி மாட்டுகிறார். அவர் போன முதல் தடவையே பள்ளத்தில் கவிழ்ந்த ஒரு கார், உள்ளே இருந்தவர்களைக் கொண்டுபோய்விட்டார்கள், சீட்டெல்லாம் ரத்தம். அதைத் தூக்கும்போது சக்கரத்திலிருந்து ஒரு கல் விழுந்து தகரத்தில் பட்டிருக்கிறது, பெரியப்பா வின்ச்சை நிறுத்திவிட்டார். கொஞ்சம் தூக்கினால் எங்கேயோ கண்ணாடி உடைந்து விழுகிறது, மறுபடியும் நிறுத்தம். இப்போது எந்தச் சத்தம் கேட்டாலும் நிறுத்துகிறார், ரோட்டில் போகிறவன் ஹார்ன் அடித்தால்கூட. ஒரு வண்டியைத் தூக்க அரை நாள் ஆகிறது. "அண்ணே, நான் தட்டினா மட்டும் நிறுத்து" என்று அப்பா கீழேயிருந்து கெட்ட வார்த்தையில் திட்டுகிறாராம், அதற்கும் நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறாராம்.

இப்போது உன் கயிறு விஷயத்துக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம் என்று நான் உறுதியாக இருந்தேன். வாண்டு கேட்டாள், முடியாது என்றேன், அப்பாவைப் பேசாமல் விசில் ஊதச் சொல்லலாம் என்றேன். "விசிலெல்லாம் வயசானவங்களுக்கு" என்று அவள் சொன்னதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே பஞ்சுநூலில் முறுக்கிய தடித்த கயிறு ஒன்றோடு வந்து நின்றார். கயிறு இருக்கும், நான் இழுப்பேன், அண்ணன் பக்கம் நின்று இழுப்பேன் என்றார். ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டேன். "எதிர்ப்பக்கம் நின்னா அவன் இழுக்க மாட்டான்டி, கயித்தைத் தொடக்கூட மாட்டான். அவன் கூட நான் நிக்கணும்" என்றார். யாரும் கையில் சுற்றக் கூடாது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகர டிரம் வைத்திருப்போம், எவர் தட்டினாலும் அந்த நொடியே எல்லோரும் கயிற்றைக் கீழே போட்டுவிட வேண்டும், இதை மட்டும் நான் சேர்த்திருக்கிறேன்.

ஆக நீ கேட்டபடியே எதிர்ப்பக்கம் பெரியப்பா நிற்பார். அவருக்கு முன்னால் உன் அப்பா நிற்பார். கோட்டுக்கு அந்தப் பக்கம் உனக்கு நேராக இருக்கப்போவது அவர் முகம்தான், கயிற்றில் இருக்கப்போவது அவருடைய இடது கை. நீ உன் கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்தால் முதலில் மண்ணில் விழுகிறவர் அவர், பெரியப்பாவைத் தொட வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். உன் பின்னால் வாண்டு நிற்பாள், அக்கா பின்னாடி நான்தான் என்று இப்போதே இடம் பிடித்துவிட்டாள். அவள் ஏற்கெனவே பார்த்தது போதும். நீ என்ன செய்கிறாயோ அதையும் அவள் பார்த்துப் பழகுவாள், என்னிடமிருந்து எவ்வளவு சீக்கிரம் பழகினாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன்னைப் பெறாதவள் அப்படிச் சொன்னாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு உண்டு. ஆனாலும் சொல்கிறேன். அந்த மனிதரின் கையை உடைக்கத்தான் வருகிறாய் என்றால் வராதே. அடித்தே தீர வேண்டும் என்றால் முதல் நாளே வந்துவிடு, ஆளுக்கொரு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு யார்டுக்குள் போவோம், என்னை அடி. நான் திருப்பியும் அடிப்பேன், சும்மா நிற்க மாட்டேன்.

அப்படி இல்லாமல் வருகிறாய் என்றால் முழுப் பலத்தோடு இழு. பாவம் என்று விட்டுக்கொடுத்தால் அப்பாவுக்கு உடனே தெரிந்துவிடும், அந்த அவமானத்தை அவரால் தாங்க முடியாது. தோற்கப்போகிற நேரத்தில் அவர் வழக்கம்போல அலறுவார், பெரியப்பா கயிற்றைப் போட்டுவிடுவார், நீ ஜெயித்துவிடுவாய், அப்புறம் அண்ணனும் தம்பியும் அதற்காக அடித்துக்கொள்வார்கள். அதை நான் பார்க்க வேண்டும்.

கால் வழுக்காத ரப்பர் அடி ஷூ கொண்டு வா, வெல்டிங் பூட்ஸோடு வந்து டயருக்குள் குதிக்காதே. நகத்தை வெட்டிக்கொள். வாண்டுக்கு ஸ்கிப்பிங் கயிறு வாங்காதே, அதை அவள் இப்போது தொடுவதில்லை. எந்த அடியும் உன்மேல் விழாமல், உன் அடியும் யார்மேலும் விழாமல், செய்கிற வேலையில் பெயரெடுத்து நீண்ட காலம் நீ நன்றாக இருக்க வேண்டும். எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் தகவல் அனுப்பு. அழைத்து வர அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வண்டியில் வருவார்கள், நடு சீட்டில் நீ உட்கார வேண்டியிருக்கும்.

அன்போடு,
உன் சித்தி